வேரிழந்த யூ மரத்தின் மறுவாழ்வு

இடம் மாற்றி நட்ட செடி பிழைத்ததா, பட்டதா என்று அறிய எவரும் முதலில் பார்ப்பது அதன் இலையைத்தான். கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் நட்ட அன்று தலை தொங்கிக் கிடக்கும். வேர் பிடித்ததும் நிமிரும். இலை வாடினால் ஆபத்து, நிமிர்ந்தால் நலம் என்பது தோட்ட வேலை பழகிய சிறுவனுக்கும் தெரிந்த கணக்கு. இந்தக் கணக்குப் பொய்த்துப் போகும் மரங்களும் உலகில் உண்டு. குளிர் நாடுகளில் வளரும் யூ மரம் அவற்றுள் ஒன்று.

மார்ச்சு மாதத்தில் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்த யூ மரம் ஆகஸ்டு வரையிலும் பச்சைப் பசேலென்று நிற்கக்கூடும். அதை வைத்திருப்பவர், மரம் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, கிளைகளை நறுக்கி, கம்பி சுற்றி, வளைத்து அழகு பார்க்கத் தொடங்குவார். ஆனால் அம்மரம் அதுவரை ஒரு புது வேர்கூட விட்டிராது. குளிர் தொடங்கும்போது இலைகள் பழுப்பேறும். அடுத்த வசந்தத்தில் அது வெறும் விறகாக நிற்கும். மண்ணில் நூறாண்டு நின்ற மரம் மனிதரின் ஓராண்டு அவசரத்தால் மடிவது பெரும்பாலும் இவ்விதமே.

போன்சாய் என்பது ஆழமற்ற தட்டில் மரத்தைச் சிறு உருவில் வளர்க்கும் ஜப்பானியக் கலை. இதற்கு வேண்டிய மரங்களை விதையிலிருந்தும் போத்திலிருந்தும் வளர்ப்பதுண்டு. எனினும் பருத்த அடிமரமும், வெடித்த பட்டையும், முதுமையின் தோற்றமும் தட்டுக்குள் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். ஆகவே காற்றும் பனியும் கல்லும் சேர்ந்து குறுக்கி வைத்த மரங்களை மலையிலேயே தேடி எடுக்கும் வழக்கம் எழுந்தது. அப்படி எடுத்த மரத்தை ஜப்பானியர் 'யமாதோரி' என்பர். மலையிலிருந்து எடுத்தது என்பது அச்சொல்லின் பொருள். 1923-ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்துக்குப் பின், தோக்கியோ நகரத்துப் போன்சாய்த் தொழிலாளர் சிலர் வடக்கே ஓமியா என்னுமிடத்தில் 1925-இல் குடியேறி ஒரு போன்சாய்க் கிராமத்தையே அமைத்தனர். இத்தகைய மலை மரங்களைப் பேணிக் காப்பது அவர்கள் கைவந்த வித்தையாக இருந்தது.

ஜப்பானில் யூ மரத்துக்கு 'இச்சீ' என்று பெயர். அது 'முதல் தரம்' என்னும் பொருளிலும் வழங்கும் சொல். அரசவைப் பெரியோர் கையில் ஏந்தும் பலகை இம்மரத்தால் ஆனதால் அப்பெயர் வந்தது என்பர். ஐரோப்பாவில் வளர்வது இதற்கு நெருங்கிய உறவுடைய வேறோர் இனம். இமயமலைச் சாரலிலும் ஓர் இனம் உண்டு. தாளிசபத்திரி என்ற பெயரில் வணிகத்தில் வழங்கிய பல இலைகளுள் அதன் இலையும் ஒன்று.

வெட்டுக்கு அஞ்சாத மரம்

போன்சாய்க்காரர் யூ மரத்தை விரும்புவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பைன் முதலிய ஊசியிலை மரங்களில், ஒரு கிளையிலுள்ள இலைகள் அனைத்தையும் நீக்கிவிட்டால் அக்கிளை பெரும்பாலும் பட்டுப்போகும். பழைய மரப்பகுதியிலிருந்து புதிய மொட்டு கிளம்புவது அரிது. யூ அப்படியன்று. கை பருமனுள்ள கிளையைக் கட்டையாக வெட்டினாலும், பட்டையின் அடியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்தெழுந்து துளிர்க்கும். பைன் மரத்திலுள்ள பிசின் குழாய்கள் இதன் கட்டையில் இல்லை. ஆகையால் வெட்டிய இடத்தில் பிசின் வடிவதுமில்லை.

வடமேற்கு இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்றொரு பழைய மாளிகை உண்டு. அதன் தோட்டத்தை 1690-களில் கியோம் போமோன் என்பவர் அமைத்தார். அங்கே யூ மரங்களைக் குடை போலவும், கூம்பு போலவும், சதுரங்கக் காய் போலவும் கத்தரித்து வைத்திருக்கின்றனர். மூன்று நூற்றாண்டுகளாக ஆண்டுதோறும் கத்தரி பட்டும் அவை தழைத்து நிற்கின்றன. ஸ்காத்லாந்திலுள்ள ஃபோர்ட்டிங்கல் யூ இதனினும் வியப்புக்குரியது. 1769-இல் டெயின்ஸ் பாரிங்டன் அதன் சுற்றளவை 52 அடி என்று அளந்தார். பின்னர் நடுப்பகுதி உளுத்து, வந்தவர் போனவரெல்லாம் துண்டு வெட்டிச் சென்று, இன்று எஞ்சியிருப்பவை தனித்தனிச் சில தண்டுகளே. இருந்தும் மரம் உயிரோடு இருக்கிறது. ஆண் மரம் என்று அறியப்பட்ட அதன் ஒரு கிளையில் 2015-இல் பெண் மரத்துக்குரிய சிவந்த கனிகள் காணப்பட்டன.

இவற்றையெல்லாம் கேட்டவர்கள், எதைச் செய்தாலும் யூ பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடுவது இயல்பு. அங்கேதான் தவறு நேர்கிறது. லெவன்ஸ் ஹாலிலும் ஃபோர்ட்டிங்கலிலும் வெட்டுண்டது மேற்பகுதி. வேர்கள் அப்படியே இருந்தன. வேர் வெட்டுண்ட யூ மரத்தின் கதை வேறு.

தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த செல்போர்ன் என்னும் ஊரின் கோயில் வளாகத்தில் ஒரு பெரும் யூ நின்றது. இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் ஒயிட் 1789-இல் வெளியிட்ட தம் நூலில் அதன் சுற்றளவு 23 அடி என்று குறித்திருக்கிறார். 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-இல் வீசிய பெரும்புயலில் அது வேரோடு சாய்ந்தது. ஊரார் மனம் பொறுக்காமல் கிளைகளைக் குறைத்து, மரத்தை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே மீண்டும் நட்டனர். அது பிழைக்கவில்லை. அதன் போத்து ஒன்றை அருகே நட்டு வளர்த்தனர். எந்த வெட்டையும் தாங்கும் மரம், வேரை இழந்தபோது அத்தனை பேர் கவனத்திலும் தேறவில்லை.

வேர் போனால் என்ன ஆகிறது?

மரம் நீரை உறிஞ்சுவது தடித்த வேர்களால் அன்று. அவற்றின் நுனியிலுள்ள மெல்லிய சல்லிவேர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவை அடிமரத்திலிருந்து வெகு தொலைவில் பரவியிருக்கும். எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் அவற்றில் பெரும்பங்கு நிலத்திலேயே தங்கிவிடும். மேலே இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். வரவு குறைந்து செலவு நிற்காத குடும்பத்தின் நிலைதான் மரத்துக்கும்.

உடனே மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. யூ இலை தடித்தது, மெழுகுப் பூச்சுடையது. துளைகள் மூடியபின் அதிலிருந்து நீர் மிக மெதுவாகவே வெளியேறும். அடிமரத்திலும் ஓரளவு நீரும் உணவும் சேமிப்பில் உண்டு. இந்தச் சேமிப்பைக் கொண்டு மாதக்கணக்கில் பச்சையாக நிற்கலாம். கிறிஸ்துமஸ் காலத்தில் கடைகளில் வைக்கும் ஊசியிலை மரங்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அவற்றுக்கு வேரே இல்லை. ஆயினும் வாரக்கணக்கில் பசுமை மாறுவதில்லை.

துளைகள் மூடியிருக்கும் வரை ஒளிச்சேர்க்கை சரிவர நடவாது. புது வேர் விடவோ உணவு வேண்டும். ஆகவே சேமிப்புத் தீருமுன் போதிய வேர் கிளம்ப வேண்டும். கிளம்பினால் மரம் பிழைக்கும். கிளம்பாவிட்டால் பச்சை இலையோடே மாண்டுவிடும். பெயர்த்த மரத்தைத் தேற்றுவதில் மனிதர் செய்யக்கூடியதெல்லாம் இந்தப் பந்தயத்தில் வேரின் பக்கம் நின்று உதவுவதே.

தோண்டுமுன்

இங்கிலாந்தில் போன்சாய்க்கு நல்ல யூ மரங்கள் பெரும்பாலும் மலையிலிருந்து வருவதில்லை. பழைய வீட்டு வேலிகளிலிருந்தே கிடைக்கின்றன. வேலியாக நட்டு ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஒரே உயரத்தில் கத்தரிக்கப்பட்ட மரம், அடி பருத்து, தாழக் கிளைத்து, போன்சாய்க்கென்றே செய்தது போல் இருக்கும். வீட்டை இடிக்கும்போதும் பாதையை அகலப்படுத்தும்போதும் இவ்வேலிகள் அகற்றப்படுகின்றன. குப்பைக்குப் போகவிருந்த மரத்தை எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. காட்டில் நன்றாக நிற்கும் மரத்தைப் பெயர்ப்பது அப்படியன்று. அந்நாட்டின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி, நிலத்துக்குரியவரின் அனுமதியின்றிக் காட்டுச் செடி எதனையும் வேரோடு பிடுங்குவது குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, தேற்ற நேரமும் இடமும் இல்லாதவர் தோண்டாமலிருப்பதே மரத்துக்குச் செய்யும் நன்மை.

எடுப்பதற்கு ஏற்ற காலம் குளிரின் கடுமை தணிந்து, மொட்டு விரியுமுன் உள்ள சில வாரங்கள். அப்போது மரத்தின் சேமிப்பு நிறைந்திருக்கும். வேர் வளர்வதற்குரிய மாதங்களும் முன்னே இருக்கும். மரத்தைச் சுற்றி அகழ்ந்து, தடித்த வேர்களைக் கூரிய வாளால் நேராக அறுத்து, அடிமரத்தை ஒட்டிய சல்லிவேர்களை மண்ணோடு காப்பாற்ற வேண்டும். நசுங்கிய வேர் அழுகும். சீராக அறுபட்ட வேரின் விளிம்பிலிருந்து புது வேர் கிளம்பும். அவகாசம் உள்ளவர்கள் ஓராண்டு முன்னரே ஒரு பக்கத்து வேர்களை அறுத்து மண்ணை மூடிவிட்டு, அடுத்த ஆண்டு மறு பக்கத்தை அறுத்து எடுப்பார்கள். அதுவே சாலச் சிறந்தது. ஆனால் வேலி இடிப்பவர் ஓராண்டு காத்திருக்க மாட்டார்.

தோண்டிய வேர் காற்றில் கால்மணி நேரம் கிடந்தாலும் உலர்ந்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றியே கொண்டுசெல்ல வேண்டும்.

இலையைக் குறைப்பதா, விடுவதா?

இதில் வளர்ப்பவரிடையே இரண்டு கட்சிகள் உள்ளன. வேர் குறைந்ததால் இலையையும் அதற்கு ஏற்பக் குறைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நீர்ச்செலவு குறையும் என்பது அவர்கள் வாதம். மற்றவரோ, புது வேருக்கு வேண்டிய உணவைச் செய்வது இலை. வேர் கிளம்பத் தூண்டும் ஆக்சின் என்னும் பொருளைச் செய்வது மொட்டும் இளந்தளிரும். இவற்றைக் கழித்துவிட்டு வேரை எதிர்பார்ப்பது எப்படி என்று கேட்கின்றனர்.

இரண்டிலும் உண்மை உண்டு. மரத்தைத் தூக்க முடியாத அளவு உயர்ந்த தலையையும், பின்னால் ஒருபோதும் வேண்டியிராத நீண்ட கிளைகளையும் எடுக்கும்போதே நீக்குவதில் தவறில்லை. யூ அதைத் தாங்கும். அதற்கு மேல், அழகுக்காக ஒரு சிறு கிளையைக்கூட முதலாண்டில் தொடாமலிருப்பதே அறிவுடைமை. நீர்ச்செலவைக் குறைக்க நிழலும் ஈரக்காற்றும் இருக்க, கத்தரியைத் தேடவேண்டிய தேவை இல்லை. கத்தரித்த இலையை நாளை வேண்டுமென்றால் ஒட்டவைக்க முடியாது; நிழலை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.

பெட்டியும் மண்ணும்

தேறும் மரத்துக்கு அழகிய தட்டு ஆகாது. வேர்க்கட்டு அடங்கும் அளவில், அதைவிடச் சற்றே பெரிய மரப்பெட்டி போதும். மிகப் பெரிய பெட்டியில் வேர் எட்டாத இடத்து மண் நீரைத் தேக்கிப் புளித்துவிடும். அடியில் துளைகள் தாராளமாக இருக்கவேண்டும்.

மண் என்று சொன்னாலும் உண்மையில் அது மண்ணன்று. எரிமலை நுரைக்கல்லைச் சிறு மணிகளாக்கி, தூசு நீங்கச் சலித்து நிரப்புவார்கள். ஜப்பானில் அக்காதாமா என்னும் சுட்ட களிமண் போன்ற மணிகளும் வழக்கில் உள்ளன. இம்மணிகள் ஒவ்வொன்றும் தன்னுள் சிறிது நீரை வைத்துக்கொண்டு, இடையிடையே காற்றுக்கு வழி விடும். யூ வேருக்கு ஈரம் வேண்டும். தேங்கிய நீர் கூடாது. நீர் தேங்கினால் பைட்டாப்தோரா என்னும் வேரழுகல் நோய் பற்றும். யூ மரங்களை அழிப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் பழைய மண் முழுவதையும் உடனே கழுவிவிடுவதும் தவறு. வேரோடு ஒட்டிய மண்ணில் பாதியையாவது விட்டுவைத்து, அதைச் சுற்றிலும் மணிகளைக் குச்சியால் குத்திச் செலுத்தி, வெற்றிடம் இல்லாமல் நிரப்ப வேண்டும்.

அடுத்து ஒரு வேலை உண்டு. பார்ப்பதற்கு அற்பமானது; செய்யத் தவறினால் மற்றவை எல்லாம் வீண். மரத்தைப் பெட்டியோடு கம்பியால் அசையாமல் இறுகக் கட்டவேண்டும். புதிதாகக் கிளம்பும் வேர் நுனி வெண்மையாக, முறியும் தன்மையோடு இருக்கும். காற்றில் மரம் விரற்கடை அசைந்தாலும் அந்நுனிகள் அறுந்துபோகும். மரம் மறுபடி விடும், மறுபடி அறும். சேமிப்புத் தீரும்வரை இது நடக்கும். இலையைப் பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

கட்டிய மரத்தைக் காற்றடிக்காத, வெயில் நேரே படாத இடத்தில் வைத்து, நாளில் சில தடவை இலைமீது நீரைப் புகைபோல் தெளித்து வரவேண்டும். இலைக்குத் தெளிப்பது வேறு, வேருக்கு ஊற்றுவது வேறு. வேருள்ள இடம் மேலாக உலரத் தொடங்கிய பின்பே ஊற்ற வேண்டும். இலையற்ற வேலைக்காரனுக்கு உணவு எதற்கு என்பது போல, வேரற்ற மரத்துக்கு உரமும் வேண்டுவதில்லை. உரத்தின் உப்பு, இருக்கும் சில வேர்களையும் கருக்கிவிடும்.

காத்திருக்கும் ஆண்டுகள்

முதல் வசந்தத்தில் மொட்டுகள் விரியும். இதுவே மிகவும் ஏமாற்றும் காட்சி. சென்ற ஆண்டே உருவாகி மூடியிருந்த மொட்டுகள், சேமித்த உணவைக் கொண்டு, வேர் இல்லாமலும் விரியக்கூடும். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி, தலையும் ஆணிவேரும் நறுக்கி நட்ட ஒட்டு ரப்பர்க் கட்டை துளிர்ப்பதைத் தோட்டத்தார் அறிவர். கட்டையிலுள்ள உணவால் எழுந்த துளிர், மழை பொய்த்து வேர் பிடிக்காவிடில் சில வாரங்களில் கருகிவிடும். யூ மரத்தில் அதே நாடகம் வாரங்களில் முடியாமல் மாதக்கணக்கில் நடக்கிறது.

நம்பத்தக்க அறிகுறிகள் பின்னால் வருகின்றன. விரிந்த தளிர் நீண்டு, நிறம் முதிர்ந்து, அதன் நுனியில் கோடை முடிவதற்குள் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் திரண்டால், மரம் தன் சம்பாத்தியத்தில் வாழத் தொடங்கிவிட்டது எனலாம். அடிமரத்தில் புள்ளி புள்ளியாகப் புதுத் துளிர்கள் தோன்றுவதும், பெட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் நுனி தலைகாட்டுவதும் நல்ல அடையாளங்கள். ஐயமிருந்தால் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டிப் பார்க்கலாம். அடியில் பசுமையும் ஈரமும் இருந்தால் அவ்விடத்தில் உயிர் இருக்கிறது. எதைச் செய்தாலும் மரத்தைத் தூக்கி வேரைப் பார்க்கலாகாது. நட்ட விதையைத் தோண்டிப் பார்க்கும் குழந்தையின் வேலை அது.

இலை ஏமாற்றுவது மறுபுறமும் உண்டு. கடுங்குளிரில், அதிலும் வெயில் படும் இடத்தில், நலமாயுள்ள யூ மரத்தின் இலையும் வெண்கல நிறம் கொள்ளும். வசந்தத்தில் மீண்டும் பச்சையாகும். மரம் போய்விட்டது என்று பதறி, பெட்டியைப் பிரித்து, பிழைத்த மரத்தைக் கொன்றவர்களும் உண்டு.

இந்தக் காலத்தில் பெட்டிச் செடிகளுக்கு ஒரு கருவண்டு பெரும் பகை. அது இரவில் வந்து இலை விளிம்பை அரைவட்டமாகக் கடித்துவிட்டுப் போகும். அக்கடியால் கேடு பெரிதில்லை. மண்ணில் அது இடும் முட்டையிலிருந்து வரும் வெள்ளைப் புழு, அரும்பாடுபட்டு விட்ட புது வேர்களைத் தின்றுவிடும். ஆகவே இலையில் அரைவட்டக் கடியைக் கண்டால் கவலைப்பட வேண்டியது வேரைப் பற்றியே.

இரண்டாம் ஆண்டில் வளர்ச்சி வலுத்த பின் உரத்தை மெல்லத் தொடங்கலாம். அவ்வாண்டும் கத்தரிக்கு வேலையில்லை. மூன்றாம் ஆண்டில் துளிர்கள் விறைத்து நீண்டு நின்றால், ஒரு பக்கத்துப் பழைய மண்ணை மட்டும் நீக்கி மணிகளால் நிரப்புவார்கள். மறு பக்கத்தின் முறை ஓரிரண்டு ஆண்டு கழித்தே வரும். எப்போதும் பாதி வேர் தொடப்படாமல் மரத்துக்கு உணவூட்டிக்கொண்டிருக்கும் என்பதே இதன் நுட்பம். பெரிய மரங்கள் மூன்றாண்டுக்கு மேலும் ஓய்வு கேட்கும். செலவிட்ட காலம் வீண் என்று எண்ணுபவர் கணக்கிட வேண்டியது ஒன்று: இத்தனை பருமனுள்ள யூவை விதையிலிருந்து வளர்த்தால் ஓர் ஆயுள் போதாது.

பின்னரே உளியும் கம்பியும். யூவின் வயிரம் செம்பழுப்பு, வெளிமரம் வெண்மஞ்சள். வயிரம் எளிதில் உளுக்காது. ஆதலால் பட்டுப்போன பகுதியைச் செதுக்கி வெண்கட்டையாகவே நிறுத்தி, உயிருள்ள பட்டை அதன் ஓரமாக ஏறிச் செல்வதைக் காட்டுவது போன்சாயில் பெருமைக்குரிய வேலை. செதுக்குபவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். கனியின் சிவந்த சதை ஒன்று நீங்கலாக, இலை, பட்டை, கட்டை, விதை யாவும் நஞ்சு. அதிலுள்ள டாக்சின் என்னும் பொருள் இதயத்தை நிறுத்தும். கத்தரித்த இலைகளை வேலியோரம் கொட்டியதால் மாடுகள் தின்று மாண்ட நிகழ்ச்சிகள் ஐரோப்பாவில் பல. அமெரிக்கப் பசிபிக் யூவின் பட்டை 1962-இல் சேகரிக்கப்பட்டு ஆராயப்பட்டதிலிருந்து கிடைத்த வேறொரு பொருள்தான், 1992-இல் அந்நாட்டில் சூலகப் புற்றுக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. அதே வகை மருந்தைச் செய்ய ஐரோப்பிய யூ வேலிகளில் கத்தரித்த இலைகளும் பின்னர் பயன்பட்டன.

முதற் கம்பி சுற்றும்போதும் ஒரே நாளில் எல்லாக் கிளைகளையும் வளைப்பதில்லை. கீழ்க்கிளைகள் சிலவற்றை வளைத்துவிட்டு, மரத்தை மீண்டும் நிழலுக்குக் கொண்டுபோய் வைத்து, ஒரு வளர்பருவம் முழுவதும் பார்த்திருப்பார்கள். அடுத்த வசந்தத்தில் அக்கிளைகளின் நுனியில் மொட்டு விரிந்தால் மற்றக் கிளைகளின் முறை வரும். ஆழமற்ற தட்டுக்கு மரம் மாறுவது அதற்கும் பின்புதான்.